கூண்டை மூடிய பச்சைத் துணி

இது நடந்தது. எனக்கு நடக்கவில்லை, என் அக்காவுக்கு நடந்தது. அடுத்தவருக்கு நடந்ததைச் சொல்கிறவர்கள் கண், காது, மூக்கு வைத்துத்தான் சொல்வார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் என் அக்காவைத் தெரிந்தவர்கள் அப்படிச் சந்தேகப்பட மாட்டார்கள். கதை கட்ட அவளுக்குத் தெம்பு கிடையாது. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவள் அவள். "சாப்டியா?" என்று கேட்டால் "ம்" என்பாள். இன்னொரு "ம்" வேண்டுமென்றால் நாளைக்குத்தான். அப்படிப்பட்டவள் இதை எனக்கு மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் அதே மணி, அதே நிமிஷம், அதே எண்கள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் மாடியில் ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, எதிர் மூலையில் குளியலறை, நடுவில் கட்டில். ஜன்னலுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி. பெட்டியின் மேல் கூண்டு. கூண்டில் நான்கு லவ் பேர்ட்ஸ்.

பறவைகள் அத்தானுடையவை. அத்தான் கார்ப் பட்டறையில் பெயிண்ட் அடித்தவர். பதினெட்டு வருஷம் மூக்கில் ஒரு கைக்குட்டைகூடக் கட்டாமல் அடித்தார். கேட்டால் "பழகிடுச்சு" என்பார். அவருக்குப் பழகியது, நுரையீரலுக்குப் பழகவில்லை. கடைசி இரண்டு வருஷமாக வீட்டோடு சரி. கட்டிலிலிருந்து ஜன்னலுக்குப் போவதே அவருக்கு ஒரு பயணம். அக்கா காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் மதியம் மூன்று மணிக்குத்தான் திரும்புவாள். அதுவரை அந்த நான்கும்தான் அவருக்குப் பேச்சுத் துணை.

பேர் வைத்ததும் அவர்தான். எல்லாரையும் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து முறைக்கிற மஞ்சள் பறவை வாத்தியார். எந்தத் தானியம் போட்டாலும் நாலு பொறுக்கி வெளியே எறிந்துவிட்டுக் குறை சொல்கிற பச்சை, மாமியார். தின்பது, தூங்குவது, இரண்டைத் தவிர வேறு வேலை தெரியாத நீலம், மாப்பிள்ளை. வெள்ளையாக, சுத்தமாக, அவசரமாக நடப்பது நர்ஸம்மா.

டாக்டர் ஒருமுறை கேட்டார், வீட்டில் பறவை இருக்கிறதா என்று. இருக்கிறது என்றாள் அக்கா. உடனே யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இறகுத் தூசி இவருக்கு ஆகாது என்றார். அத்தான் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"அதுங்க போனா நானும் போயிடுவேன் டாக்டர்."

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். கடைசியில் டாக்டர் இறங்கி வந்தார். ராத்திரியில் ஒரே அறையில் எட்டு மணி நேரம் படுக்கிறீர்கள், அப்போதாவது கனமான துணி போட்டுக் கூண்டை மூடுங்கள் என்றார். கூடவே இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். ராத்திரி விழிப்பு வந்தால் அவர் மூச்சை எண்ணுங்கள். ஒரு நிமிஷத்துக்கு இருபத்திரண்டு, இருபத்து நாலு என்றால் பரவாயில்லை. முப்பதைத் தாண்டினால் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்றிலிருந்து அக்கா எண்ணினாள். தூக்கத்தில்கூட எண்ணினாள். அந்த மனுஷன் இருந்தால் போதும், எப்படியாவது இருந்தால் போதும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவளுக்கு அவர், அவருக்கு அந்த நான்கு.

இப்போது துணி.

கூண்டை மூட அவளிடம் இருந்தது ஒரு பழைய பூப்போட்ட படுக்கை விரிப்பு. கிழியாத இடம் கொஞ்சம், கிழிந்த இடம் நிறைய. கனமான துணிக்கு அவள் எங்கே போவாள்? சலவைக்குத்தான் போனாள். ஆபரேஷன் அறையில் போடுகிற தடித்த பச்சைத் துணிகள் அங்கே நூற்றுக்கணக்கில் வரும். பழசாகிக் கிழிந்தவற்றைக் கத்தரிக்கோல் வெட்டித் தரை துடைக்கப் போடுவாள். கத்தரிக்கோல் என்பது மடிப்பு மேசையில் நிற்கிற அம்மாவின் பட்டப்பேர். கையிலும் கத்தரிக்கோல், வாயிலும் கத்தரிக்கோல். வெட்டிய துண்டுகள் ஒரு மூட்டையில் கிடக்கும். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை அக்கா மூட்டையைத் துழாவியபோது அடியில் ஒரு முழுத் துணி கிடைத்தது. வெட்டவில்லை. கிழியவில்லை. கறை இல்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றி, வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு, அடியில் திணித்திருந்தது. வெட்டாமல் எதுவும் அந்த மூட்டைக்குள் போகாது. அந்தச் சலவையில் வேலை செய்கிற யாருக்கும் இது தெரியும், அக்காவுக்கும் தெரியும். ஆனால் அவள் அப்போது எட்டு மணி நேரம் நின்று முடித்திருந்தாள். யோசிக்கிற அளவுக்கு அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை. நம்ம அதிர்ஷ்டம் என்று பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

முதல் ராத்திரி. ஒன்பது மணிக்கு அத்தானுக்கு மருந்துப் புகை கொடுத்தாள். ஒன்பதரைக்குத் துணியை விரித்துக் கூண்டின் மேல் போட்டாள். காற்றுக்காகச் சுவர்ப் பக்கம் ஒரு கை அகலம் விட்டாள். முன்பக்கம் அடித்தட்டு கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும், அதனால் துணி கம்பியில் ஒட்டாமல் நாலு விரல் தள்ளித் தொங்கியது.

வழக்கமாக மூடியதும் பத்து நிமிஷம் உள்ளே ரகளை நடக்கும். மாமியார் இடத்துக்குச் சண்டை போடும். வாத்தியார் அதட்டும். அப்புறம் நான்கும் அலகை அரைக்கத் தொடங்கும். கிர்ரிக்... கிர்ரிக்... என்று தூக்கம் வருகிற சத்தம். அத்தானுக்கு அதுதான் தாலாட்டு.

அன்றைக்குத் துணி விழுந்த உடனே சத்தம் நின்றது. ஒரே அடியாக நின்றது.

"என்ன, வாத்தியார் இல்லாத கிளாஸ் மாதிரி இருக்கும்னு பாத்தா, பரீட்சை ஹால் மாதிரி இருக்கு?" என்றார் அத்தான்.

"நல்லதுதானே. தூங்குங்க."

காலை நாலே முக்காலுக்கு அவள் எழுந்தபோது துணி தரையில் கிடந்தது. நழுவியிருக்கும் என்று நினைத்தாள். நான்கு பறவைகளும் குச்சியில் இல்லை. கூண்டின் பின் மூலையில், அடித்தட்டில், ஒன்றின் மேல் ஒன்றாக ஒண்டிக்கொண்டிருந்தன. பூனை எதுவும் வந்ததா என்று ஜன்னலைப் பார்த்தாள். மூடியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கிளம்பிவிட்டாள்.

இரண்டாம் ராத்திரி, செவ்வாய். துணி நழுவாமலிருக்க ஆறு கிளிப் போட்டாள். துணி காயப்போடுகிற சாதாரண கிளிப்தான், ஆனால் விரலைக் கொடுத்தால் சிவந்துவிடும். விளக்கணைத்தது ஒன்பது நாற்பத்தைந்து. படுத்ததும் கட்டை மாதிரி தூங்கிவிட்டாள்.

மணி இரண்டு இருபது.

விழித்தாள் என்று சொல்ல முடியாது. பாதி விழிப்பு. கண் மூடியே இருந்தது. மூச்சுச் சத்தம் கேட்டது. பழக்கதோஷம், எண்ண ஆரம்பித்தாள்.

ஹ்ஹ்... ஸ்ஸ்ஸ்... ஒன்று.

ஹ்ஹ்... ஸ்ஸ்ஸ்... இரண்டு.

கொஞ்சம் ஈரமான மூச்சு. வேகமான மூச்சு. பாதிக் கண்ணைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்தில் கடிகார முள்ளைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினாள். முப்பத்தாறு.

தூக்கம் கலைந்தது. முப்பத்தாறு என்றால் ஆஸ்பத்திரி. "ஏங்க..." என்று கையை நீட்டி அவர் நெஞ்சைத் தொடப் போனாள்.

படுக்கை காலியாக இருந்தது.

குளியலறைக் கதவின் அடியில் வெளிச்சம். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம். கதவு திறந்தது. அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தார்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

ஹ்ஹ்... ஸ்ஸ்ஸ்...

ஜன்னல் பக்கமிருந்து வந்தது. அத்தான் கட்டிலில் உட்கார்ந்தார், கட்டில் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் அப்படியே அடங்கியது.

"ஏன் முழிச்சிட்டிருக்க?"

"சும்மாதான்."

அவர் மூச்சை எண்ணினாள். இருபத்து நாலு. அப்புறம் அவள் செய்ததைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள், நானும் சிரித்தேன். அவள் தூங்கிவிட்டாள். "பயமா இல்லையாக்கா?" என்றேன். "பயந்தேன்டி. ஆனா நாலே முக்காலுக்கு எந்திரிக்கணுமே" என்றாள். பேயாவது பிசாசாவது, ஆறு மணி ஷிஃப்டுக்கு முன்னால் எல்லாம் ஒன்றுதான்.

காலையில் துணி தரையில் கிடந்தது. ஆறு கிளிப்பும் துணியிலேயே இருந்தன. ஒன்றுகூடத் திறக்கவில்லை.

அத்தானிடம் அவள் எதையும் சொல்லவில்லை. பயந்தால் அவருக்கு மூச்சு ஏறும். வேறு துணி மாற்றியிருக்கலாம். பூப்போட்ட விரிப்பை ஞாயிற்றுக்கிழமையே ஊறவைத்திருந்தாள், துவைக்கவில்லை. ஊர் துணியெல்லாம் துவைக்கிறவள் வீட்டில் அப்படித்தான் இருக்கும். அன்று மதியமும் துவைக்க முடியவில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு, வேறு வழியில்லாமல், பச்சைத் துணியையே போட்டாள்.

மூன்றாம் ராத்திரி. புதன்.

தூங்கக் கூடாது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அத்தான் அசந்து தூங்கினார். தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியே கூண்டின் மேல் விழுந்தது. பதினொன்று. பன்னிரண்டு. ஒன்று. கண் இழுத்துக்கொண்டு போயிற்று. தொடையைக் கிள்ளிக்கொண்டாள்.

இரண்டு பத்து. ஒன்றுமில்லை.

இரண்டு பதினைந்து. அத்தான் ஒருமுறை இருமினார். புரண்டு படுத்தார்.

இரண்டு இருபது.

துணி அசைந்தது.

காற்றில் அசைவது மாதிரி இல்லை. ஓரம் அசையவில்லை. நடுவில்... ஒரே ஒரு இடம். உள்ளங்கை அகலம். அந்த இடம் மட்டும் மெல்ல உள்ளே குழிந்தது. கம்பியைத் தொட்டது.

ஹ்ஹ்...

வெளியே உப்பியது.

ஸ்ஸ்ஸ்...

மறுபடி குழிந்தது.

துணிக்குப் பின்னால் யாரோ வாயைத் திறந்து இழுக்கிறார்கள். துணிதான் வருகிறது. காற்று வரவில்லை.

அக்காவால் கத்த முடியவில்லை. கத்தினால் அத்தான் எழுந்துவிடுவார். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தெரிந்ததைச் செய்தாள். எண்ணினாள்.

முப்பத்தாறு.

அடுத்த நிமிஷம் முப்பது.

அடுத்தது பத்தொன்பது.

பன்னிரண்டு.

இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. ஒரு குழிவு... நீண்ட நேரம் ஒன்றுமில்லை... இன்னொரு குழிவு. அவளுக்குப் பயம் போய் வேறு ஏதோ வந்தது. பாவமாக இருந்தது. இரண்டு வருஷமாக அத்தானுக்காக மனசுக்குள் சொல்வதையே அதற்கும் சொன்னாள். இழு... இன்னொரு தடவை இழு...

ஒரு தடவை இழுத்தது.

துணி குழிந்தது.

திரும்பி உப்பவில்லை.

இரண்டு முப்பத்தொன்று. அக்கா எழுந்து போனாள். துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

உள்ளே ஒன்றுமே இல்லை. கம்பி. குச்சி. தண்ணீர்க் கிண்ணம். பின் மூலையில் நான்கு பறவைகள், எட்டுக் கண்ணும் திறந்தபடி, அவளையே பார்த்துக்கொண்டு. வேறு ஒன்றும் இல்லை.

துணியைத் தடவினாள். அந்த ஒரு இடம் ஈரமாக இருந்தது.

சூடாகவும் இருந்தது.

வியாழக்கிழமை அதை வேலைக்கு எடுத்துக்கொண்டு போனாள். குப்பையில் போட்டால் எவராவது எடுப்பார்கள். வீட்டில் எரிக்க இடம் இல்லை. ஆஸ்பத்திரியில் கழிவு எரிக்கிற உலை உண்டு, ஆனால் அதில் போட ஒரு காரணம் சொல்ல வேண்டும். என்ன காரணம் சொல்வாள்? முதலில் வெந்நீரில் போடலாம், அப்புறம் உலைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தாள். எண்பது டிகிரியில் எதுதான் மிஞ்சும்? மற்ற பச்சைத் துணிகளோடு சேர்த்து இயந்திரத்தில் போட்டாள். ஐம்பது நிமிஷம். முந்தின ராத்திரித் தூக்கம் பாக்கி. மூட்டைகளின் மேல் சாய்ந்தாள்.

கண் விழித்தபோது இயந்திரம் காலியாக இருந்தது. எல்லாம் உலர்ந்து, உருளையில் தேய்த்து, மடித்து அடுக்கி முடிந்துவிட்டது. மேசையில் கத்தரிக்கோல் கடைசி அடுக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள் அக்கா.

"என்ன ஒண்ணு?"

நூற்றிருபது துணி. எல்லாம் ஒரே பச்சை. ஒரே அளவு. பாதி ஏற்கனவே மேலே வார்டுகளுக்குப் போயிருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

உண்மையைச் சொன்னால் அவளுக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்ததாம். தொலைந்தது சனியன். தன் வீட்டை விட்டுப் போய்விட்டது. யார் வீட்டுக்குப் போனாலென்ன? "அப்படி நெனச்சேன்டி, பாவி நான்" என்று என்னிடம் சொல்லும்போது அழுதாள்.

அன்று ராத்திரி பூப்போட்ட விரிப்பு. பறவைகள் பத்து நிமிஷம் சண்டை போட்டன. கிர்ரிக்... கிர்ரிக்... என்று அரைத்தன. அக்கா தூங்கினாள். வெள்ளியும் தூங்கினாள். சனியும் தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி வரவில்லை என்று இரண்டு ஷிஃப்டும் அவள் தலையில் விழுந்தது. பதினாறு மணி நேரம். ராத்திரி பத்தரைக்கு வீடு வந்து, கூண்டை மூடி, செருப்பைக்கூடக் கழற்றாமல் விழுந்தாள்.

ஒன்று ஐம்பது. மூச்சுச் சத்தம்.

கையை நீட்டினாள். இந்த முறை அத்தான் இருந்தார். நெஞ்சு படபடவென்று ஏறி இறங்கியது. எண்ணினாள். நாற்பத்து நாலு.

கீழ்வீட்டு டிரைவரை எழுப்பி, அவரும் அவளுமாக அத்தானைத் தூக்கி இறக்கினார்கள். மாடி இறங்கவே பதினைந்து நிமிஷம். இரண்டு நாற்பதுக்கு ஆஸ்பத்திரி. அவள் தினமும் பின்வாசல் வழியாக நுழைகிற அதே ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் திரையை இழுத்துவிட்டார்கள். அவள் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்பது அவளுக்குப் பழக்கம்.

நாலு ஐந்துக்குத் திரை விலகியது. சின்ன வயசு டாக்டர். அவனுக்கும் தூக்கமில்லாத கண்.

"எங்களால முடிஞ்சதைச் செஞ்சோம்மா" என்றான்.

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அவ்வளவு களைப்பு. உள்ளே போய் அவர் பக்கத்தில் நின்றாள். வார்டு ஆள் ஒருவன் அலமாரியிலிருந்து ஒரு துணியை எடுத்து உதறினான். அத்தானின் காலிலிருந்து தலை வரைக்கும் இழுத்து மூடினான்.

பச்சைத் துணி.

"வேற துணி போடுங்க" என்றாள் அக்கா.

"எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றான். போய்விட்டான்.

அவளும் அத்தானும் மட்டும்.

நாலு பதினொன்று.

துணி குழிந்தது.

வாய் இருக்கிற இடத்தில். உள்ளங்கை அகலம்.

உப்பியது.

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அதே துணி. நூற்றிருபதில் ஒன்று. அவள் தொலைத்த துணி. அவள் பண்ணின பாவம், தேடிக்கொண்டு வந்து அவர் முகத்தின் மேலேயே விழுந்திருக்கிறது.

யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? துணி மூச்சு விடுகிறது என்றா? விலக்கிப் பார்க்கவும் இல்லை. விலக்கினால் உள்ளே ஒன்றும் இருக்காது. அவள்தான் பார்த்திருக்கிறாளே.

இரண்டு.

மூன்று.

இருக்கும்போதுதான் அவருக்கு நிம்மதி இல்லை. போன பிறகாவது அந்தச் சனியன் அவர் முகத்தின் மேல் மூச்சு விட வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். குழிந்து உப்பாமல் பிடித்துக்கொண்டாள்.

நாலு. கைக்கு அடியில் சூடு.

ஐந்து.

ஆறு...

...

ஏழு.

அப்புறம் நின்றுவிட்டது. நாலு பதினாலு.

அவ்வளவுதான் அக்கா சொன்னது. எவ்வளவு அழுத்தினாள் என்று நான் கேட்கவில்லை. அப்போது கேட்கத் தோன்றவும் இல்லை. அந்தப் பாழாய்ப்போன துணியைத் திட்டினேன். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். மூன்று வாரம் அவளோடு அந்த அறையில் இருந்தேன். பறவைகளை அவளால் பார்க்க முடியவில்லை, அவை என்னோடு வருவதாக ஏற்பாடு.

நான் ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது கத்தரிக்கோல் துக்கம் விசாரிக்க வந்தாள். சாயங்காலம் நாலு மணி. அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று மாடிப்படியில் உட்கார்ந்து பேசினோம்.

"உங்கக்கா எதையோ தேடுறா. வர்ற பச்சைத் துணியை ஒவ்வொண்ணா விரிச்சு, வெளிச்சத்துல பிடிச்சு, கன்னத்துல வச்சுப் பாக்குறா. வேலை தேங்குது. சூப்பர்வைசர் கத்துறாரு. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறா."

எனக்கு முழுசாகத் தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல், ஒரு துணியை அக்கா மூட்டையிலிருந்து எடுத்தாளாமே என்று மட்டும் கேட்டேன்.

கத்தரிக்கோலின் முகம் மாறியது. சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அது இவ கைக்குத்தான் போச்சா? உலைக்கு அனுப்பணும்னுதான் தனியா கட்டி அடியில வச்சிருந்தேன். மறுநாள் பாத்தா காணோம். விபத்துல அடிபட்ட ஒருத்தரை அதால மூடி, முடிஞ்சதுன்னு நடைபாதையில விட்டுட்டாங்கம்மா. எடுத்துட்டுப் போக ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் ஆள் வந்தான். துணி பாதி வாய்க்குள்ள இருந்துச்சாம். நான் நாலு தடவை வெந்நீர்ல போட்டேன். அந்த ஒரு இடம் மட்டும் காயவே இல்ல."

"அக்கா அதைத் திரும்ப மெஷின்ல போட்டுட்டா. அது மேல வார்டுக்குப் போயிடுச்சு" என்றேன்.

"எங்க போச்சு? வியாழக்கிழமை மடிக்கும்போதே என் கையில மாட்டிடுச்சு. நூத்திருபதும் சுடச்சுடக் காஞ்சு வருது, ஒண்ணு மட்டும் நடுவுல ஈரம். எனக்குத் தெரியாதா? அப்பவே எடுத்து ஒளிச்சேன். சாயங்காலம் நாலு மணிக்கு நானே உலைக்குக் கொண்டுபோய், என் கண்ணால சாம்பலாகுற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்."

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணி.

அத்தான் போனது திங்கட்கிழமை விடியற்காலை.

நான் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"இதை அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

"ஏம்மா? தேடாம இருப்பால்ல?"

"சொல்லாதீங்க."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் தலையாட்டினாள். இன்றுவரை சொல்லவில்லை.

பறவைகள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. ராத்திரி விளக்கை அணைப்பதோடு சரி, நான் கூண்டை மூடுவதில்லை. இதை எழுதுவதற்கும் நான் பயப்படவில்லை. அக்கா படிக்க மாட்டாள். எதை எடுத்தாலும் பத்து வரிக்குள் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும்.

ஆனால் வேலையில் அவள் தூங்குவதில்லையாம். வருகிற பச்சைத் துணி ஒவ்வொன்றையும் விரித்துப் பார்க்கிறாள். வேறொருத்தர் முகத்தில் அது விழுந்துவிடக் கூடாது என்று அவளுக்குக் கவலை. அதை எரித்தாயிற்று அக்கா, விட்டுவிடு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தேடுவதை நிறுத்திவிடுவாள். எந்தக் கிழமை எரித்தார்கள் என்று அடுத்த நிமிஷமே கேட்பாள்.

நேற்று ராத்திரி போன் பண்ணினாள். நானே கேட்டேன்.

"கெடச்சுதாக்கா?"

"இல்லடி. எங்க போயிடும்? நாளைக்குப் பாக்குறேன்."